எட்வின் உட்கார வேண்டிய நாற்காலி

அநியாயம் நடந்தது எங்கள் அக்காவுக்கு, சிஸ்டர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று அவள் உங்கள் சீட்டருகே வந்து நின்று விரலை மடக்கி மடக்கி எண்ணியபோது நீங்கள் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அவள் திருடி இல்லை. பைத்தியமும் இல்லை. பெயர் செண்பகவல்லி, ஊர் கோவில்பட்டி, வேலை விமானக் கட்டுப்பாட்டு அதிகாரி. மூன்று வருஷத்தில் மாற்றல் கொடுத்திருக்க வேண்டிய இடத்தில் அவளை ஆறு வருஷம் உட்கார வைத்தார்கள். மாற்றல் ஆர்டரையும் கையில் கொடுத்தார்கள், 'பதில் ஆள் வந்து சேர்ந்த பின் விடுவிக்கப்படுவார்' என்று கடைசியில் ஒரு வரியையும் சேர்த்தார்கள். அந்த ஒரு வரியில் மூன்று வருஷம் போய்விட்டது.

மெதுவாகத்தான் பேசுகிறேன். மேல் பெர்த்தில் தூங்குகிறாள். தூங்குகிறாளோ, சும்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாளோ, தெரியவில்லை.

விமானக் கட்டுப்பாடு என்றால் விமானத்துக்குள்ளே வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பெரியம்மா இன்றைக்கு வரைக்கும் அவளை ஏர் ஹோஸ்டஸ் என்றுதான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இது கீழே, கண்ணாடிக் கோபுரத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை. நீ இறங்கு, நீ ஏறு, நீ சுற்றிக்கொண்டே இரு என்று மைக்கில் சொல்கிற வேலை. அக்கா இருந்தது வடகிழக்கில் ஒரு சின்ன விமான நிலையம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் மலை, நடுவில் ஒற்றை ஓடுபாதை. கணக்குப்படி பதினோரு அதிகாரிகள் இருக்க வேண்டும். இருந்தது நான்கு பேர். பதினோரு பேர் வேலையை நான்கு பேர் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் நர்சாக இருந்தவர் நீங்கள், டபுள் டியூட்டி என்றால் என்னவென்று உங்கள் காலுக்கே தெரியும்.

அந்த நான்கு பேருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அலுவலகத்துக்கு முதலில் சொல்ல மாட்டார்கள். அடுத்து உட்கார வேண்டியவரைக் கூப்பிட்டு, "உன்னால முடியுமா?" என்று கேட்பார்கள். அவர் ஏற்கெனவே பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவராக இருப்பார். முடியாது என்று அவரும் சொல்ல மாட்டார். அதனால் கேட்பதையே விட்டுவிட்டார்கள். காய்ச்சலோடு வந்து, டியூட்டி ரிஜிஸ்டரில் 'பணி செய்யத் தகுந்த உடல்நிலையில் இருக்கிறேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருவார்கள். இதை நல்ல குணம் என்று சொல்வீர்களா, சுரண்டல் என்று சொல்வீர்களா? நான் எம்.ஏ. அரசியல் அறிவியல். சுரண்டல் என்றுதான் சொல்வேன். அக்காவோடு இதில் பெரிய சண்டையே போட்டிருக்கிறேன். அவள், "ஏட்டி கோமு, நீ படிச்ச புத்தகத்துல என் டியூட்டி சார்ட்டு இருக்கா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள்.

எட்வினைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்வின்தான் அவளுக்குப் பதில் ஆள். மார்த்தாண்டத்துக்காரன், மேற்கே ஒரு விமான நிலையத்தில் வேலை. அவன் பெயரில் ஆர்டர் வந்த அன்றைக்கு அக்கா எனக்குப் போன் பண்ணி, "ஒரு தமிழ் ஆளு வர்றான் கோமு, அவனுக்கு நாலு நாள் எல்லாம் சொல்லிக்குடுத்துட்டு நான் கிளம்பிருவேன்" என்றாள். பெட்டி கட்டிவிட்டாள் சிஸ்டர். கம்பளியை எல்லாம் கூட வேலை பார்க்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். எட்வின் வரவில்லை. அடுத்த மாதம் வரவில்லை. குளிர்காலம் வந்தது, கொடுத்த கம்பளியில் ஒன்றைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவன் நம்பரைத் தேடிப் பிடித்து நானே கூப்பிட்டேன். விடவில்லை, கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஒருத்தியின் வாழ்க்கை மேல் உட்கார்ந்திருக்கிறாய், உனக்குச் சோறு இறங்குகிறதா என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "முடிச்சாச்சா? எனக்கும் ஆர்டர் வந்து பதினாலு மாசம் ஆச்சு மேடம். என்னை விட மாட்டேங்கிறாங்க. எனக்குப் பதிலா வர வேண்டியவர் தீவுல உக்காந்திருக்கார். அவருக்குப் பதிலா யாருன்னு அவருக்கே தெரியல. உங்ககிட்ட அந்தத் தீவு நம்பர் இருந்தா எனக்கும் குடுங்க, நானும் ஒரு கால் மணி நேரம் திட்டிக்கிறேன்."

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். நானும் சிரித்தேன். ஆனால் இதற்குப் பிறகு நடந்ததற்குச் சிரிக்க முடியாது.

ஆர்டர் போட்டாகிவிட்டது என்பதால் எட்வின் பெயரை அந்த ஊர் டியூட்டி பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். ஆளே வரவில்லை, பெயர் மட்டும் வந்துவிட்டது. மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே! பட்டியலைப் பார்த்தால் அக்காவோடு கோபுரத்தில் இன்னொருவர் இருக்கிறார். ஏறிப் பார்த்தால் நாற்காலிதான் இருக்கிறது. முதலில் இது நான்கு பேருக்கும் வேடிக்கையாக இருந்திருக்கிறது. டீ வந்தால் அவனுக்கும் ஒரு கப் ஊற்றி அந்த நாற்காலி முன்னால் வைப்பார்களாம். "எட்வின் இன்னைக்கும் லீவா?" "இல்ல, பாத்ரூம் போயிருக்கான், ஏழு மாசமா." இப்படி. அக்காவுக்கு அங்கே தமிழ் பேச ஆளில்லை. தனியாக இருக்கிற ஷிப்டில் அவள் எட்வினோடு தமிழ் பேச ஆரம்பித்தாள். விளையாட்டுக்குத்தான். "எட்வின், மழை வருது பாரு." "எட்வின், எங்கம்மா இன்னைக்கு ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டாளாம்."

அம்மாவுக்குப் பக்கவாதம், சிஸ்டர். இடது பக்கம் முழுக்க. அப்பா இல்லை. மூன்று வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கல்லூரி போய் வந்து, குளிப்பாட்டி, ஊட்டி, எல்லாம். குறை சொல்லவில்லை. எனக்கு டெல்லியில் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது, ஜனவரிக்குள் சேர வேண்டும். அது வேறு விஷயம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆகஸ்ட் நான்காம் தேதி தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போயிற்று. நல்ல கடிதம். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, யார் படித்தாலும் சொல்வார்கள். 'நாற்காலியில் அமர்ந்ததும் என்னோடு பேசுவது யார் என்பதே எனக்குப் புரியாமல் போகும் நிலையில் இருக்கிறேன். இந்த நிலையில் என்னைப் பணியில் வைத்திருப்பது பயணிகளின் உயிரோடு விளையாடுவது.' ஆங்கிலத்தில் இன்னும் கூர்மையாக இருக்கும். அக்கா ஒரு நாள் போனில், "அசதியில சில நேரம் யாரு பேசுறான்னே தெரியலட்டி" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதியது நான். அவள் எழுத மாட்டாள். "வேண்டாம், அவங்களா குடுக்கட்டும்" என்பாள். அவர்களாகக் கொடுப்பார்களா? உலகத்தில் எவனாவது தானாகக் கொடுத்திருக்கிறானா? கையெழுத்தும் நானே போட்டேன். எட்டாம் வகுப்பில் என் மார்க் ஷீட்டில் அப்பாவுக்குப் பதிலாக அக்காதான் கையெழுத்துப் போடுவாள். அவள் இல்லாத சமயம் நானே போட்டுக்கொள்வேன். அந்தப் பழக்கம். பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவளிடம் சொல்லவில்லை. விடுவிக்கிற ஆர்டர் வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் அது நடந்தது.

ஆகஸ்ட் இருபத்து மூன்று, பகல் மூன்று மணி. கூட வேலை பார்க்கிற பீகார்க்காரருக்கு டெங்கு. அக்கா காலை ஷிப்டை முடித்துவிட்டு, ரிஜிஸ்டரில் மறுபடி கையெழுத்துப் போட்டு, மதிய ஷிப்டுக்கும் உட்கார்ந்துவிட்டாள். பட்டியலில் செண்பகவல்லி, எட்வின் என்று இரண்டு பேர். கோபுரத்தில் ஒருத்தி.

அங்கே முறை என்னவென்றால், ஓடுபாதைக்குள் எந்த வண்டி போனாலும் எதிரே சாய்ந்த பலகையில் குறுக்காக ஒரு சிவப்புச் சீட்டைச் செருக வேண்டும். அது இருக்கும் வரை எந்த விமானத்துக்கும் இறங்க அனுமதி கொடுக்கக் கூடாது. மைக்கில் பேசுகிறவர் 'வண்டி உள்ளே' என்பார். பக்கத்து நாற்காலிக்காரர் சீட்டைச் செருகிவிட்டு 'வைத்தாயிற்று' என்பார். அக்கா தனியாக இருக்கும்போது இரண்டையும் அவளே செய்வாள். "எட்வின், வண்டி உள்ள" என்று சொல்லிவிட்டு, இடது கையால் சீட்டைச் செருகி, குரலைக் கொஞ்சம் தடிமனாக்கி, "வச்சாச்சு மேடம்" என்பாள். ஏழெட்டு மாதமாக இந்த விளையாட்டு.

அன்றைக்கு ஓடுபாதையில் நாய்கள். விரட்ட ஜீப் போக வேண்டும் என்று டிரைவர் போரா அனுமதி கேட்டார். போ என்றாள். "எட்வின், வண்டி உள்ள" என்றாள். "வச்சாச்சு மேடம்" என்றாள். கை அசையவில்லை.

பலகையில் சிவப்பு இல்லை. இறங்க அனுமதி கேட்ட விமானத்துக்கு, இறங்கு என்று சொல்லிவிட்டாள்.

விமானி கடைசி நொடியில் ஜீப்பைப் பார்த்து மேலே இழுத்துவிட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. விமானம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பன்னிரண்டு நிமிஷம் கழித்து இறங்கியது. போரா படியேறி வந்து, "ஜீப் கண்ணாடியில சக்கரம் தெரிஞ்சுது மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, எப்போதும் போல ஒரு தாளை நீட்டினாராம், ஓடுபாதை சுத்தமாக இருக்கிறது என்று அவள் கையெழுத்துப் போட வேண்டிய தாள். போட்டாள்.

அப்புறம் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்திருக்கிறாள். எழுபத்தொரு பேர் படியில் இறங்கி வருகிறார்கள். ஒருவர் குடையை விரிக்கிறார். ஒரு பெண் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்கிறாள். ஒருவன் விமானத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறான். எதனால் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினோம் என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள்.

அவர்களைத்தான் அவள் தேடுகிறாள், சிஸ்டர். இந்தப் பெட்டியில் எழுபத்திரண்டு பெர்த். ஏறினதிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். நேற்று உங்களிடம் "எங்க இறங்குவீங்க, வீட்டுல யாரு கூப்பிட வருவாங்க?" என்று கேட்டாளே, அதுவும் அதனால்தான். நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்துவிட்டேன். யாரும் சாகவில்லையே, எதற்காக இப்படி இருக்கிறாய் என்றேன். அவள் சொன்னாள்: "செத்திருந்தா ஒரு எடத்துல கெடப்பாங்க கோமு. போய் அழுதுட்டு வரலாம். இவங்க ஊர் ஊரா நடந்துட்டு இருக்காங்களே, நான் எங்கன்னு போய்த் தேட?"

குவார்ட்டர்ஸில் போய்ப் பார்த்தபோது சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு வைத்திருந்தாள். ஒன்று எனக்கு என்று நினைத்து உட்காரப் போனேன். "அங்க வேண்டாம், இங்கிட்டு வா" என்றாள்.

விசாரணை போன வாரம். மூன்று அதிகாரிகள் வந்தார்கள். அம்மாவைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு நான் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை உள்ளே கூப்பிட்டார்கள். ஏன் தெரியுமா? கோபுரத்தில் பேசுவதெல்லாம் பதிவாகும். அந்தப் பதிவில் மூன்று வரி தமிழ். அதை மொழிபெயர்க்க அந்த ஊரில் ஆளில்லை. நிலையப் பொறுப்பாளர் தத்தா சார், நல்ல மனுஷன், "தங்கச்சி வந்திருக்கிறாள், அர்த்தத்தை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்" என்றார்.

டேப்பைப் போட்டார்கள். "எட்வின், வண்டி உள்ள." "வச்சாச்சு மேடம்." "சமத்து." இரண்டு குரலும் அக்காவுடையது. முதல் இரண்டையும் சொல்லிவிட்டேன். 'சமத்து' என்பதற்கு ஆங்கிலத்தில் சரியான வார்த்தை இல்லை என்று ஐந்து நிமிஷம் விளக்கினேன். விசாரணைக் குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த எட்வின் யார்?" என்றார். தத்தா சார் தரையைப் பார்த்தார். நான் விடுவேனா? "வேலையில் சேராத ஒருவரைப் பட்டியலில் எழுதியது யார் என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்" என்றேன். பளிச்சென்று சொன்னேன். அப்போதுதான் தலைவர், மொழிபெயர்க்க வந்தவர் இனிமேல் கேட்டால் ஒழியப் பேசக் கூடாது என்றார்.

அடுத்ததாக அந்தக் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

என் கடிதம். பதில் ஒன்று வராதா என்று நான் காத்திருந்த கடிதம். பக்கத்தில் ரிஜிஸ்டர். 'ஆகஸ்ட் நான்காம் தேதி, பணி செய்யும் நிலையில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்து மூன்றாம் தேதி, நல்ல நிலையில் இருக்கிறேன் என்று ஒரே நாளில் இரண்டு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். தெரிந்தே உட்கார்ந்தீர்களா?' என்று கேட்டார். அக்கா அந்தக் கடிதத்தை முதல் தடவையாக அப்போதுதான் பார்க்கிறாள். எடுத்து முழுக்கப் படித்தாள். இரண்டு பக்கமும்.

அவர்கள் மோசமானவர்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒருவர், சுழி வேறு மாதிரி இருக்கிறதே என்றார். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இது உங்களுடையது இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். இதைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுவோம். ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்று அறிக்கை எழுத எங்களுக்கும் வழி இருக்கிறது, உங்கள் வேலை மிஞ்சும். ஆனால் உங்கள் பெயரில் எழுதியது யாரோ, அவர் மேல் போலீஸில் புகார் கொடுக்க வேண்டியிருக்கும்."

நான் வாயைத் திறந்தேன், சிஸ்டர். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் கேட்டால் ஒழியப் பேசக் கூடாது என்று தலைவர் அப்போதுதானே சொல்லியிருந்தார்? ஒரு விசாரணை என்றால் அதற்கென்று ஒழுங்கு இருக்கிறது. இடையில் புகுந்து பேசினால் அவளுக்குத்தான் பாதகமாக முடியும் என்று நினைத்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அவளுடைய உரிமத்தை எடுத்துவிட்டார்கள். இனி மைக்கைத் தொட முடியாது. வேலையும் நிச்சயமில்லை, மேல் விசாரணை இருக்கிறது. அன்று சாயங்காலமே அவளை விடுவித்து ஆர்டர் கொடுத்தார்கள். மூன்று வருஷம் பதில் ஆள் வேண்டும் வேண்டும் என்றவர்களுக்கு அன்றைக்குப் பதில் ஆளே தேவைப்படவில்லை! இதை நான் விடப்போவதில்லை. டெல்லி போனதும் இதைத்தான் முதல் கட்டுரையாக எழுதுவேன். போகத்தான் போகிறேன். அம்மாவை இனி அக்கா பார்த்துக்கொள்வாள், அவளுக்கும் வீட்டில் ஏதாவது வேலை இருந்தால் நல்லதுதானே. நீங்களே சொல்லுங்கள், நர்சாக இருந்தவர்.

என்ன கேட்டீர்கள்? அவள் என்ன சொன்னாள் என்றா?

அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எத்தனை விதமாகச் சொல்லியிருக்கலாம்! அவகாசம் கேட்டிருக்கலாம். வக்கீல் வேண்டும் என்று கேட்டிருக்கலாம். நான் அங்கேதான் இருந்தேன், நாலடி தூரத்தில். என் பக்கம் ஒரு தடவை திரும்பியிருந்தால் கண்ணாலேயே சொல்லியிருப்பேன். திரும்பவே இல்லை. கடிதத்தை மடித்த மடிப்பிலேயே மடித்துத் தலைவர் முன்னால் வைத்தாள்.

"கடிதம் நான் எழுதினதுதான் சார்," என்றாள். "ரிஜிஸ்டர்ல போட்டதுதான் பொய்."